மேசைக் கணினியின் காவற் கருவிகள்

பெருங்கணினிகள் கோலோச்சிய காலத்தில் அவற்றைப் பயன்படுத்தியோருக்கு இரண்டு கவலைகள் இல்லை. பொறியின் அமைப்பைத் தம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றுவது எப்படி என்பது ஒன்று. மாற்றும் உரிமையே அவர்களுக்கு இல்லை. எழுதி வைத்தது அழிந்துபோனால் என்ன செய்வது என்பது மற்றொன்று. அதைப் பார்த்துக்கொள்ளத் தனியே ஆட்கள் இருந்தார்கள். குளிரூட்டிய கூடத்தில் இரவுப் பணிக்கு வருவோர் அன்றைய வேலையை எல்லாம் காந்த நாடாக்களில் படியெடுத்து, நாள் குறித்து, அடுக்கி வைப்பர். காலையில் வந்து வேலை செய்பவருக்கு அந்த நாடாக்கள் இருப்பதே பெரும்பாலும் தெரியாது.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னரே ஆப்பிள் முதலிய சிறு கணினிகள் வீடுகளுக்குள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் அலுவலக மேசைக்குக் கணினியைக் கொண்டுவந்த பெருமை இப்பொறிக்கே உரியது. விலை 1565 டாலரில் தொடங்கிற்று. அவ்விலைக்குக் கிடைத்தது விசைப்பலகையும் 16 கிலோபைட் நினைவகமும் கொண்ட ஒரு பெட்டி. வட்டியக்கிக்குத் தனிப் பணம்.

தன் மேசை, தன் பொறி, தன் விருப்பம்! எதையும் மாற்றும் உரிமை அந்தப் பெட்டியுடன் வந்தது. எல்லாவற்றையும் இழக்கும் உரிமையும் கூடவே வந்தது. அதை மட்டும் விற்றவர்கள் சொல்லவில்லை. இரவுப் பணியாளர் இல்லை; நாடா இல்லை. உரிமையாளரே காவலர், உரிமையாளரே பழுது பார்ப்பவர். இந்தக் குறையை நீக்கப் பொறியைச் செய்த நிறுவனம் முன்வந்ததா? இயக்கமுறையை எழுதிய மைக்ரோசாஃப்ட் முன்வந்ததா? இரண்டும் பிற்பாடே வந்தன. முதலில் வந்தவர்கள், தம் கோப்பைத் தாமே அழித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டவர்கள்.

அழித்தல் என்பது யாது?

டாஸ் என்னும் பழைய இயக்கமுறையில் ஒரு கோப்பை அழிக்குமாறு கட்டளையிட்டால் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தாலன்றி இவ்வரலாறு விளங்காது. நெகிழ்வட்டு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டவணை உண்டு. கோப்பு ஒன்றுக்கு 32 பைட் இடம். கோப்பின் பெயர், அளவு, எழுதிய நாள், வட்டில் அது தொடங்கும் பகுதியின் எண் ஆகியவை அதில் அடங்கும். கோப்பின் எஞ்சிய பகுதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதைக் காட்ட, சங்கிலி போன்ற மற்றொரு பட்டியல் உண்டு. அழிக்கும் கட்டளை வந்ததும் டாஸ் இரண்டு காரியங்களை மட்டுமே செய்யும். பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 229 என்ற எண்ணை எழுதும். சங்கிலிப் பட்டியலில் அக்கோப்புக்கு உரிய கட்டங்களைச் சுழியாக்கி, 'இவ்விடம் காலி' எனக் குறிக்கும். அவ்வளவே. கோப்பில் எழுதியிருந்த சொற்கள் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நூலகத்தில் ஒரு நூலின் பெயரை அட்டவணையில் கோடிட்டு அடித்துவிட்டு, நூலை அலமாரியிலேயே விட்டுவிடுவதற்கு ஒப்பானது இது. வேறொரு நூல் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும்வரை பழைய நூல் அங்கேயே நிற்கும். பெயர் தெரியாதவனுக்கு அது இல்லை. இடம் தெரிந்தவனுக்கு அது உண்டு.

229 என்ற எண்ணின் கதையும் சுவையானதே. டாஸுக்கு முன்னோடியான சி.பி.எம். இயக்கமுறையிலும் அழித்த கோப்புக்கு அடையாளம் இவ்வெண்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த புது வட்டுகளில் இடம் முழுவதும் இவ்வெண்ணே நிரம்பியிருந்தது. ஆதலின் 'இங்கு ஒன்றுமில்லை' என்பதற்கு அது பொருத்தமாயிற்று. ஆனால் ஜப்பானியக் குறியீட்டு முறையில் இதே எண் உண்மையான எழுத்தொன்றின் முதற்பாதியாக வருவதுண்டு. அவ்வெழுத்தில் தொடங்கும் பெயரை ஒரு ஜப்பானியர் தம் கோப்புக்கு இட்டால், அது பிறக்கும்போதே இறந்ததாகக் கணக்கில் வந்துவிடும்! இதைத் தவிர்க்க, அத்தகைய பெயர்களின் முதலிடத்தில் 5 என்ற எண்ணை மாற்றாக எழுதும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணிச் செய்த பொறியைப் பிற மொழியார் கையாளும்போது எழும் இத்தகைய இடர்கள் தமிழர்க்கும் புதியன அல்ல.

வட்டில் சொற்கள் எஞ்சியிருக்கின்றன என்ற உண்மையைக் கருவியாக்கியவர் பீட்டர் நார்ட்டன். 1943ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் என்னும் ஊரிற் பிறந்தவர். விமானத் தொழிலிலும் விண்வெளி ஆய்விலும் பெருங்கணினிகளுக்கு நிரல் எழுதிவந்தார். அத்தொழிலில் ஆட்குறைப்பு நேர்ந்தபோது வேலை இழந்தார். 1970களில் சில ஆண்டுகள் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்துப் பௌத்த மடமொன்றில் வாழ்ந்தவர் என்பதும் அவர் வரலாற்றில் உண்டு. ஐ.பி.எம். கணினி வந்ததும் அதை வாங்கி ஆராயத் தொடங்கிய அவர், ஒருநாள் தவறுதலாகத் தம் கோப்பொன்றை அழித்துவிட்டார். மற்றவர்களாயின் மீண்டும் தட்டெழுதியிருப்பார்கள். அவரோ வட்டைப் பகுதி பகுதியாகப் படித்துப் பார்க்கும் நிரலொன்றை எழுதினார்.

அழிந்ததை மீட்கும் அந்நிரலையும் வேறு சில சிறு நிரல்களையும் சேர்த்து, 1982ஆம் ஆண்டில் 'நார்ட்டன் யூட்டிலிட்டீஸ்' என்ற பெயரில் அவர் வெளியிட்டார். முதல் 30,000 டாலர். நிறுவனத்தில் ஆள் ஒருவரே. கணினிப் பயனாளர் சங்கக் கூட்டங்களுக்கும் கணினிக் கடைகளுக்கும் தாமே நடந்து சென்று, தொழில்நுட்பக் குறிப்புகள் அடங்கிய சிறு வெளியீடுகளைப் போட்டுவிட்டு வருவார். அவற்றைக் கண்ட பதிப்பாளர் ஒருவர் நூல் எழுதக் கேட்டார், ஐ.பி.எம். கணினியின் உள்ளமைப்பைப் பற்றிய அவர் நூல் 1983இல் வெளிவந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவருடைய படம், பின்னர் வந்த நூல்களிலும் மென்பொருட் பெட்டிகளிலும் இடம்பெற்று, கணினியாளர் அனைவரும் அறிந்த முகமாயிற்று.

அவருடைய மீட்புநிரல் வேலை செய்த விதம் எளிது. அட்டவணையில் 229 என்று தொடங்கும் பெயர்களைத் தேடும். 'முதல் எழுத்து என்ன?' என்று உரியவரைக் கேட்கும். தொடங்கும் இடமும் அளவும் அட்டவணையில் எஞ்சியிருப்பதால், கோப்பு ஒரே தொடராக எழுதப்பட்டிருந்தால் முழுவதும் மீளும். வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் ஊகித்துச் சேர்க்க வேண்டும். இடையில் புதுக்கோப்பு ஒன்று எழுதப்பட்டிருந்தாலோ, அந்தப் பகுதி போனது போனதுதான். ஆதலால், 'அழித்துவிட்டோம் என அறிந்த கணமே கையை எடுத்துவிடு. வேறெதையும் எழுதாதே' என்பது அக்காலத்துக் கணினியாளரின் முதற்பாடமாக இருந்தது. மீட்புநிரலை வாங்கிவந்து அதே வட்டில் ஏற்றி, மீட்க நினைத்ததை அந்நிரலாலேயே மூடிவிட்டவர்களும் உண்டு.

இருபத்தொன்பது வட்டுகள்

1983ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐ.பி.எம். எக்ஸ்.டி. என்னும் கணினி வந்தது. அதனுள் 10 மெகாபைட் கொண்ட நிலைவட்டு இருந்தது. அதுவரை வட்டு வட்டாகப் பிரித்து வைத்திருந்த கணக்கு, கடிதம், பெயர்ப்பட்டியல் அனைத்தும் ஒரே இடத்துக்கு வந்தன. வசதிதான்! ஆனால் இழப்பதற்கும் அஃது ஒரே இடமாயிற்று. நெகிழ்வட்டு கெட்டால் ஒரு நாளின் வேலை போகும். நிலைவட்டு கெட்டால் ஓர் அலுவலகமே போகும்.

எக்ஸ்.டி.யுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில் காப்புநகல் எடுக்க ஒரு கட்டளையும், அதைத் திரும்ப ஏற்ற ஒரு கட்டளையும் இருந்தன. அன்றைய நெகிழ்வட்டு ஒன்று கொள்வது 360 கிலோபைட். 10 மெகாபைட் நிரம்பிய நிலைவட்டைப் படியெடுக்க 29 வட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றாக இடவேண்டும், எடுக்கவேண்டும், எண் எழுதி ஒட்டவேண்டும், வரிசை மாறாது வைக்கவேண்டும். அடுத்த ஆண்டு வந்த ஏ.டி. கணினியில் நிலைவட்டு 20 மெகாபைட் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுக்குப் புறப்படும் எழுத்தர், இத்தனை வட்டுகளுடன் எத்தனை வாரம் போராடுவார்? காப்புநகல் எடுக்கும் வழி தெரியாமல் கெட்டவர்களைவிட, வழி தெரிந்தும் சலிப்பினால் விட்டுக் கெட்டவர்களே மிகுதி எனலாம். போதாக்குறைக்கு, டாஸ் 3.3 பதிப்பில் காப்பு வட்டுகளின் அமைப்பே மாறியது. நகலைக் காப்பதோடு, அதை எடுத்த நிரலின் பதிப்பையும் காக்கவேண்டிய நிலை அன்றே தோன்றிவிட்டது.

சலிப்பை வெல்ல வேகமே வழி என்று கண்டது, லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரில் இருந்த ஃபிஃப்த் ஜெனரேஷன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம். அதன் 'ஃபாஸ்ட்பேக்' நிரல், நிலைவட்டிலிருந்து படிப்பதையும் நெகிழ்வட்டில் எழுதுவதையும் ஒரே வேளையில் செய்தது. மையச் செயலகத்தின் வழியே ஒவ்வொரு பைட்டையும் கடத்தாமல், வட்டுக்கும் நினைவகத்துக்கும் நேரே வழி அமைக்கும் சில்லை அது பயன்கொண்டது. பிழை திருத்தும் குறிகளையும் இடையிடையே எழுதி வைத்ததால், காப்பு வட்டின் ஒரு மூலை பழுதானாலும் எஞ்சியதைக் கொண்டு மீட்க வழி இருந்தது.

காப்புநகல் எடுப்பது ஒன்று. அதிலிருந்து மீள்வது வேறொன்று. இவ்வேறுபாட்டைப் பெரும் நிறுவனங்களும் பட்டே அறிந்தன. 1998ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பிக்சார் படநிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்ற படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, எவரோ தவறான இடத்தில் அழிப்புக் கட்டளையை இட, படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்தது. நாடாக்களில் காப்புநகல் இருந்தது. ஆனால் அது சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை என்பது, மீட்க முயன்றபோதே தெரிந்தது. நகல் எடுத்தவர்கள் அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்கவில்லை! படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளரான கேலின் சூஸ்மன் என்ற அம்மையார், கைக்குழந்தை இருந்தமையால் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில் வைத்துப் பதமாகக் கொண்டுவந்தார்கள். பல கோடி டாலர் முயற்சியைக் காத்தது ஒரு தாயின் வீட்டுக் கணினி.

விருப்பப்படி அமைத்தல்

காக்கும் கருவிகள் ஒருபுறம் வளர, மாற்றியமைக்கும் கருவிகள் மறுபுறம் வளர்ந்தன. இவ்விரண்டையும் வேறு வேறு குலமாகக் கருதுவோர் உண்டு, அஃது ஏற்புடையதன்று. ஏன் எனில், மாற்றியவனுக்கே மீளும் வழி மிகுதியாகத் தேவைப்படுகிறது.

டாஸ் கணினி எழும்போது படிக்கும் கோப்புகள் இரண்டு: கான்ஃபிக்.சிஸ் ஒன்று, ஆட்டோஎக்செக்.பேட் மற்றொன்று. இரண்டும் யாரும் திறந்து திருத்தக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகள். எந்த விசைப்பலகை, எந்தத் திரை, எவ்வளவு நினைவகம் என்பன எல்லாம் அவற்றிலுள்ள சில வரிகளால் முடிவாயின. 640 கிலோபைட் என்ற எல்லைக்குள் எல்லா நிரல்களும் அடங்கவேண்டியிருந்தமையால், அவ்வரிகளை முன்னும் பின்னும் மாற்றி இரண்டு கிலோபைட் மிச்சம் பிடிப்பது ஒரு கலையாகவே விளங்கிற்று. ஓர் எழுத்துத் தவறினால் கணினி எழாது. அறிந்தவர்கள் திருத்துமுன் பழைய கோப்பை வேறு பெயரில் படியெடுத்து வைப்பார்கள்; தனி நெகிழ்வட்டு ஒன்றையும் எழுப்புவதற்கென்று மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்கள். மாற்றுதலும் காத்தலும் ஒன்றே என்பதற்கு அந்த இழுப்பறை வட்டே சான்று.

1984இல் போர்லண்டு நிறுவனத்தின் 'சைடுகிக்' வந்தது. ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விசை இரண்டை அழுத்தினால் திரையின் மேல் குறிப்பேடும் நாட்காட்டியும் கணிப்பானும் தோன்றும். வேலை முடிந்ததும் மறையும். ஒரு வேளையில் ஒரு நிரலே ஓடும் இயக்கமுறையில் இது மாயம் போலத் தோன்றியது. நினைவகத்தின் ஒரு மூலையில் தங்கிக்கொண்டு, விசைப்பலகையைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் சூழ்ச்சி. இச்சூழ்ச்சியைக் கற்றுப் பல நிரல்கள் தங்க வந்தன. ஒரே விசைக்கு இரண்டு போட்டியிட்டுக் கணினியைத் திகைக்க வைத்ததும் உண்டு.

இவ்வாறு இடைநின்று வேலை செய்யும் கலையே தமிழுக்கும் வழி திறந்தது. ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த கணினியில் தமிழ் எழுத வேண்டுமாயின், விசை அழுத்தத்தை இடையில் வாங்கித் தமிழ் எழுத்தாக மாற்றவேண்டும். திரையில் எழுத்தின் வடிவத்தையும் மாற்றவேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய 'முரசு' அத்தகைய கருவியே. பின்னாளில் 'முரசு அஞ்சல்' என்ற பெயரில் விண்டோசுக்கு வந்து உலகத் தமிழரிடையே பரவிற்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை அமைத்தார்; 1995ஆம் ஆண்டு அக்டோபரில் இணையத்தில் தமிழை ஏற்றிய முயற்சி அவருடையது. சின்னத்தின் நிறத்தை மாற்றுவதும் சாளரத்தின் மூலையை வளைப்பதும் பிறர்க்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். தமிழர்க்குக் கணினியை மாற்றியமைப்பது என்பது தாய்மொழியில் ஒரு வரி எழுதுவதாகவே இருந்தது.

விண்டோஸ் 95

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95, இரு வகைக் கருவிகளின் வரலாற்றையும் திருப்பியது. அழித்த கோப்பு முதலில் ஒரு தொட்டிக்குள் செல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. மெக்கின்டாஷ் கணினியில் குப்பைத்தொட்டி 1984லேயே வந்துவிட்டது. அமைப்பு விவரங்கள் பலவும் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பெரும் பேரேட்டில் சேர்க்கப்பட்டன. எழுத்துக் கோப்பைத் திறந்து வரி திருத்திய காலம் மெல்ல மறையத் தொடங்கியது. பேரேடோ மனிதர் படிக்க எழுதப்பட்டதன்று.

விண்டோசின் முகப்பை எழுதிய நிரலாளர் சிலரே ஓய்வு வேளையில் 'பவர்டாய்ஸ்' என்ற சிறு கருவிகளைச் செய்து, 'இவற்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது' என்ற எச்சரிக்கையுடன் இலவசமாக வெளியிட்டார்கள். அவற்றுள் புகழ்பெற்றது 'ட்வீக் யூ.ஐ.' என்பது. பட்டியல் திறப்பதற்கு முன் விண்டோஸ் காத்திருக்கும் 400 மில்லிநொடியைக் குறைக்கலாம். குறுக்குவழிச் சின்னங்களின் மூலையில் நிற்கும் அம்புக்குறியை நீக்கலாம். குறுந்தட்டை இட்டவுடன் தானே ஓடுவதை நிறுத்தலாம். பேரேட்டில் எங்கோ புதைந்து கிடந்த எண்ணை மாற்றுவதுதான் இவற்றின் உள்வேலை. ஆனால் பேரேட்டை நேரே திறந்து கண்டபடி திருத்தியவர் நிலைமை வேறு. விண்டோஸ் 95 ஒவ்வொரு முறையும் நன்கு எழுந்தபின் பேரேட்டை ஒரு முறை படியெடுத்து வைக்கும். ஒரே நகல்தான்! கெட்ட பேரேட்டுடன் ஒருமுறை எப்படியோ எழுந்துவிட்டால், நல்ல நகலின்மேல் கெட்டதே பதியும். இதைக் கண்டுதான் விண்டோஸ் 98 ஐந்து நகல்களை வைத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் மீ பதிப்பில், முன்னொரு நாளின் நிலைக்கே கணினியைத் திருப்பும் வசதி வந்தது.

கணினியை அமைப்பதற்கே ஒரு முழு நாள் ஆகும் காலம் அது. இயக்கமுறை, அச்சுப்பொறி நிரல், எழுத்துருக்கள், விருப்ப அமைப்புகள் என ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். கோப்புகளை மட்டும் காப்பது போதாது, கணினி முழுவதையும் உள்ளபடியே படமாக எடுத்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுத்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மர்ரே ஹாசார்டு என்பவர் எழுதிய 'கோஸ்ட்' அவ்வெண்ணத்தின் விளைவு. வட்டை அப்படியே ஒரே கோப்பாகச் சுருக்கிவைக்கும். அக்கோப்பை வேறு கணினிகளில் விரித்தால் அவை முதற்கணினியின் இரட்டைப் பிறவிகளாகும். பள்ளிக் கணினிக்கூடங்களுக்கு இது வரமாயிற்று.

அந்த வரத்தின் அருமை 1999 ஏப்ரல் 26ஆம் நாள் தெரிந்தது. தைவான் மாணவர் ஒருவர் முந்திய ஆண்டில் எழுதிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் அன்று விழித்துக்கொண்டது. ஆசிய நாடுகள் பெரிதும் அடிபட்டன. வட்டின் தொடக்கத்து ஒரு மெகாபைட்டை அது மேலெழுதி அழித்தது. சில கணினிகளில் எழுப்பும் சில்லையும் கெடுத்தது. அட்டவணைகள் இருப்பது வட்டின் தொடக்கத்தில்தானே! நூல்கள் எல்லாம் இருக்க, நூலகத்தின் வாயிலே இடிந்து விழுந்தது போலாயிற்று. அப்போது ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர் ஓர் இலவச மீட்புநிரலை எழுதினார். வட்டின் சங்கிலிப் பட்டியலுக்கு எப்போதும் இரண்டாம் படி ஒன்று உண்டு. பெரிய வட்டுகளில் முதற்படியே நீண்டுவிடுவதால், இரண்டாம் படி அந்த ஒரு மெகாபைட்டைத் தாண்டி நின்றது. அதைக் கண்டெடுத்து முதலிடத்தில் எழுதியே பலருடைய வட்டுகள் மீண்டன. இரண்டாம் படியும் தொடக்கத்திலேயே அடங்கிய சிறு வட்டுகளுக்கு அந்த எளிய வழி இல்லை. ஒரு நகல் இருந்தால் போதாது. அது வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நிகழ்ச்சி காட்டும்?

மாறுபட்டதை மட்டும்

எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் படியெடுப்பது வீண் வேலை. 1996ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் ஆகிய இருவர் 'ஆர்சிங்க்' என்ற நிரலை வெளியிட்டனர். மெல்லிய தொலைபேசிக் கம்பியின் வழியே ஒரு கோப்பின் புதுப்பதிப்பை அனுப்பவேண்டும். எதிர்முனையில் பழைய பதிப்பு உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமலே வேறுபாட்டை அறிவது எப்படி? பழையதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு கூட்டெண்ணும் ஒரு பெரிய கூட்டெண்ணும் கணக்கிட்டு எதிர்முனை அனுப்பிவிடும். இங்கே புதியதன்மேல் அதே நீளமுள்ள சட்டத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும். நகரும்போது சிறு கூட்டெண்ணை முழுவதும் கணக்கிட வேண்டியதில்லை; விட்டதைக் கழித்து வந்ததைக் கூட்டினால் போதும். அது பொருந்திய இடத்தில் மட்டும் பெரிய எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம். பொருந்தாத பகுதிகள் மட்டுமே கம்பியில் செல்லும். இலவசமாக அளிக்கப்பட்ட இந்நிரல் இன்றும் எண்ணற்ற காப்புக் கருவிகளின் முதுகெலும்பாக உள்ளது.

ஆப்பிள் நிறுவனம் 2007 அக்டோபரில் தன் இயக்கமுறையிலேயே 'டைம் மெஷின்' என்ற கருவியைச் சேர்த்தது. வெளிவட்டு ஒன்றை இணைத்துவிட்டால் மணிக்கு ஒரு நகல், பழையவற்றுள் நாளுக்கு ஒன்று, அதனினும் பழையவற்றுள் வாரத்துக்கு ஒன்று என அது தானே எடுத்து வைக்கும். பெருங்கணினிக் கூடத்தின் இரவுப் பணியாளர் மீண்டும் வந்துவிட்டார்; இம்முறை சம்பளமின்றி.

சிறு நிறுவனங்கள் என்னவாயின? நார்ட்டனின் நிறுவனத்தை 1990இல் சிமான்டெக் வாங்கியது. ஃபாஸ்ட்பேக் 1993இல் அதனிடம் சென்றது. நார்ட்டனின் பெரும்போட்டியாளராக இருந்த சென்ட்ரல் பாயிண்ட் 1994இல் சென்றது. கோஸ்ட் 1998இல் சென்றது. மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு, சென்ட்ரல் பாயிண்டின் மீட்புநிரலை உரிமம் பெற்று 1991இன் டாஸ் 5 பதிப்பிலும், நார்ட்டன் வழிவந்த காப்புநிரலை 1993இன் டாஸ் 6 பதிப்பிலும் சேர்த்துக்கொண்டது. சிறுநிரல் நன்கு வேலை செய்தால் இயக்கமுறை அதை விழுங்கும்; வேலை செய்யாவிட்டால் வாங்குவார் இல்லை. இத்தொழிலின் தலையெழுத்து அது. நார்ட்டன் கோஸ்ட் 2013இல் விற்பனையினின்று நீங்கிற்று. அதற்குப் பத்தாண்டு முன், 2003இல் சிங்கப்பூரில் தொடங்கிய அக்ரோனிஸ் வட்டுப்படக் கருவித் துறையில் நிலைபெற்றுவிட்டது. பவர்டாய்ஸும் இடையில் கைவிடப்பட்டு, 2019இல் யாவரும் மூலநிரலைப் பார்க்கக்கூடிய திறந்த முயற்சியாக மீண்டும் வந்தது.

பீட்டர் நார்ட்டனின் முதற்கருவியோ இன்று தன் நிலத்தையே இழந்து வருகிறது. சுழலும் காந்த வட்டுக்குப் பதிலாகச் சில்லுகளால் ஆன வட்டுகள் வந்துவிட்டன. கோப்பை அழித்ததும் 'இவ்விடங்கள் வேண்டாதவை' என்று இயக்கமுறை அவ்வட்டுக்கு அறிவித்துவிடும். விண்டோஸ் 7 வெளிவந்த 2009 முதல் விண்டோசும் இவ்வாறே செய்கிறது. வட்டு தனக்கு ஓய்வுள்ள வேளையில் அவ்விடங்களைத் துடைத்துவிடும். கோடிட்ட பெயருக்குரிய நூல் இனி அலமாரியில் நிற்பதில்லை. 2013இல் பரவிய கிரிப்டோலாக்கர் போன்ற பணம் பறிக்கும் நச்சுநிரல்கள், கணினியில் உள்ளதோடு அதில் செருகியிருந்த காப்பு வட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டன. செருகாமல் வேறிடத்தில் வைத்திருந்த நகலுக்கு மட்டுமே அவற்றின் கை எட்டவில்லை.

தமிழில் எழுதியோருக்கு இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. 1990களில் ஒவ்வொரு தமிழ் நிரலும் தமிழெழுத்துகளுக்குத் தனக்கென ஓர் எண்வரிசை வைத்திருந்தது. ஒன்றில் 'க' என்பது மற்றொன்றில் வேறு எழுத்து. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. விண்டோஸ் 2000 தமிழை யூனிகோடு முறையில் ஏற்றுக்கொண்டது. முரசு அஞ்சலின் தட்டச்சு முறையும் ஆப்பிள் கணினியில் உடன்வரும் கருவியாயிற்று. ஆனால் அதற்குமுன் எழுதிய கதைகளும் சங்க அறிக்கைகளும் மலர்களும் பழைய எண்வரிசையிலேயே நின்றன. அவற்றைப் பழுதின்றிப் படியெடுத்துக் காத்தவரும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது ஐரோப்பிய எழுத்துக் கலவையையே கண்டனர். வட்டில் ஓர் எண்ணும் அழியவில்லை. எண்ணைத் தமிழாக்கும் எழுத்துருதான் நகலில் இல்லை. எழுத்துருவின் பெயரை அறிந்தால் மாற்றிநிரல் அதன் வரிசைக்கு ஏற்ப எழுத்துகளை யூனிகோடுக்குக் கொண்டுவரும். இடையிடையே ஆங்கிலம் கலந்த வெறும் எழுத்துக் கோப்பாயின், எந்த எண் ஆங்கிலம், எந்த எண் தமிழ் என்று சில வரிசைகளில் நிரலால் பிரித்தறிய முடியாது. அங்கே ஒருவர் அமர்ந்து, வரி வரியாகப் பார்த்துத் திருத்தவேண்டும்.